வெள்ளி மூக்கும் சிலிக்கான் பையும்

அரபகத்தில் இஸ்லாம் மலர்வதற்கு முன்னர், அல்குலாப் என்னும் இடத்தில் குலங்களுக்கிடையே மூண்ட போரில் அர்ஃபஜா இப்னு அஸ்அத் என்பவர் தம் மூக்கை இழந்தார். வெள்ளியில் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார். நாளடைவில் அது நாற்றமெடுக்கத் தொடங்கிற்று. பின்னர் அவர் இஸ்லாத்தைத் தழுவினார். அவருடைய நிலையறிந்த நபி (ஸல்) அவர்கள், வெள்ளியை விடுத்துத் தங்கத்தால் மூக்குச் செய்துகொள்ளுமாறு அவருக்குப் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய மூன்று தொகுப்புகளிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

நம் மத்ரஸாக்களில் இந்த ஹதீஸ் பெரும்பாலும் தங்கம் பற்றிய பாடத்தில் வரும். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும் தேவை கருதி அது அனுமதிக்கப்பட்டது என்பதற்கும், ஆடும் பல்லைத் தங்கக் கம்பியால் கட்டலாம் என்பதற்கும் ஃபிக்ஹு அறிஞர்கள் இதனை ஆதாரமாகக் கொண்டனர். நாம் அதே செய்தியை வேறொரு பக்கத்திலிருந்து நோக்க விழைகிறோம். உடலில் பொருத்திய செயற்கை உறுப்பொன்று அதை அணிந்தவருக்குத் தொல்லை தந்தது. அந்தத் தொல்லை உண்மையென ஏற்கப்பட்டது. அதை நீக்கி வேறு வழி காண அவருக்கு இடமளிக்கப்பட்டது. விரும்பி வைத்துக்கொண்டவர் பொறுத்துக்கொள்ளட்டும் என்று எவரும் கூறியதாகச் செய்தியில் இல்லை. மூக்கில்லாமலே வாழ்ந்தால் என்ன என்றும் எவரும் கேட்கவில்லை.

இதனை இப்போது நினைவுகூரக் காரணம் உண்டு. மார்பில் சிலிக்கான் பை வைத்துக்கொண்டு, சில ஆண்டுகளுக்குப் பின் அது வேண்டாமென அகற்றிக்கொள்ளும் பெண்கள் பல நாடுகளிலும் பெருகி வருகின்றனர். புற்றுநோயால் மார்பகத்தை இழந்து, அந்த இடத்தை நிறைவுசெய்ய வைத்துக்கொண்டவர் அவர்களில் உண்டு. தோற்றத்தில் தமக்குக் குறையிருப்பதாக எண்ணி வைத்துக்கொண்டவரும் உண்டு. தாம்பரத்திற்குத் தெற்கே, மறைமலை நகரைக் கடந்து செங்கற்பட்டு வரையில் ஜி.எஸ்.டி. சாலையோரம் மருத்துவக் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் நிறைந்த நம் பகுதியில் இத்தகைய சிகிச்சை எட்டாத தொலைவில் இல்லை. அதைப் பற்றிய பேச்சுதான் நம் வீடுகளை இன்னும் எட்டவில்லை. மார்பகம் என்ற சொல்லையே தாழ்ந்த குரலில் சொல்லப் பழகிய குடும்பங்கள் நம்முடையவை. வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடச் செய்யும் வெட்கத்தை அந்தக் கிளையில் சேர்க்க நமக்கு மனம் வரவில்லை.

(தனித்தமிழ் கண்ட மறைமலையடிகளின் பெயர் தாங்கிய ஊரிலிருந்து எழுதும்போது 'சிலிக்கான்', 'இம்பிளாண்ட்' என்றெல்லாம் எழுதக் கை சற்றே தயங்குகிறது. ஆயினும் மருத்துவமனைச் சீட்டில் உள்ள சொல்லை வாசகர் இங்கும் காண்பதே நலம்.)

மார்பகத்தை இழந்த பெண்ணைத் தமிழ் மரபு முன்பே அறியும். கண்ணகி தன் கையாலேயே திருகி எறிந்தாள் என்கிறது சிலப்பதிகாரம். அங்கு அந்த இழப்பு அறச்சீற்றத்தின் அடையாளம். நோயால் இழந்தவளுக்கோ நம் இலக்கியத்தில் அத்தகைய இடம் ஏதும் வாய்க்கவில்லை.

நோயைப் பற்றி எழுதியவர்கள் மருத்துவர்கள். அந்தலூசியாவின் குர்துபா நகரையொட்டி வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ (936–1013) 'கிதாபுத் தஸ்ரீஃப்' என்னும் பெருநூலின் அறுவைப் பகுதியில் மார்பகப் புற்றைப் பற்றியும் பேசுகிறார். கட்டி சிறிதாகவும், முழுதாக வெட்டியெடுக்கத்தக்க இடத்திலும் இருந்தால் எடுக்கலாம் என்பது அவர் கருத்து. முற்றிய புற்றைத் தாம் ஒருவருக்கும் குணப்படுத்தியதில்லை என்றும், குணப்படுத்திய வேறெவரையும் கண்டதில்லை என்றும் அவர் எழுதி வைத்தார். அறுவை மருத்துவத்தின் தந்தையென உலகம் போற்றும் ஒருவர் தம் நூலிலேயே தம் இயலாமையைப் பதிவுசெய்திருக்கிறார். அவருடைய கருவிகளின் படங்களைவிட நமக்கு இந்த வரியே பெரிதாகத் தோன்றுகிறது. ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த பெருநிறுவனங்களிடம் இந்த நேர்மை இருந்திருந்தால் இக்கட்டுரையின் பின்பகுதியை எழுத வேண்டியிராது.

மயக்க மருந்து வந்த பின்னர் அறுவை துணிவு பெற்றது. அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் வெளியிட்ட முறை, மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள தசைகளையும் அக்குள் முடிச்சுகளையும் சேர்த்தே அகற்றுவது. முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அதுவே பெருவழக்காயிருந்தது. உயிர்கள் காக்கப்பட்டன, தோளும் கையும் பலருக்கு முடங்கின. அமெரிக்காவில் நெடுங்காலம் நிலவிய ஒரு வழக்கத்தை இன்று கேட்டால் திகைப்பே மிஞ்சும். கட்டியைச் சோதிப்பதற்கென்று பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்துவர். புற்று என்று தெரிந்தால் அந்த மயக்கத்திலேயே மார்பகத்தையும் அகற்றிவிடுவர். விழித்தெழும்போதுதான் அவளுக்குச் செய்தி தெரியும். ரோஸ் குஷ்னர் என்னும் பத்திரிகையாளர் 1974இல் தமக்கே அந்நோய் வந்தபோது இதற்கு இசைய மறுத்தார். சோதனை வேறு, அறுவை வேறு, இடையில் முடிவெடுக்கும் உரிமை தமக்குண்டு என்று வாதிட்டார். 1979இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு அவர் பக்கமே நின்றது.

நம் சென்னையில் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரை நெஞ்சில் சுமந்து, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தை நிறுவினார். 1954இல் 12 படுக்கைகளோடு அது தொடங்கியது. புற்றுநோய் என்றால் மரணம். மருத்துவமனை கட்டுவானேன் என்று படித்தவர்களே கேட்ட காலம் அது. இன்று சென்னைப் பெண்களிடையே முதலிடத்தில் நிற்பது மார்பகப் புற்றே. ஆகவே இது எங்கோ மேல்நாட்டில் நடக்கும் கதை என்று எவரும் ஒதுங்கிக்கொள்வதற்கில்லை.

இனி சிலிக்கான் பைக்கு வருவோம். 1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்னும் இரு அறுவை மருத்துவர்கள் டிம்மி ஜீன் லிண்ட்சி என்ற பெண்ணுக்கு அதை முதன்முதலாக வைத்தனர். அவர் ஆறு குழந்தைகளின் தாய். மருத்துவமனைக்கு அவர் சென்றது மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிப்பதற்காக. இப்புதிய சிகிச்சைக்கு இசைகிறீர்களா என்று மருத்துவர்கள் கேட்டனர். தமக்கு உண்மையில் திருத்த வேண்டியிருந்தது விடைத்து நின்ற காதுகளைத்தான் என்று அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். காதையும் சரிசெய்து தருவதாகச் சொல்லவே, இசைந்தார். உலகெங்கும் பின்னர் கோடிக்கணக்கில் பெருகிய ஒரு சிகிச்சையின் முதல் உடல், அதனைக் கேட்டு வராத ஒருத்தியின் உடல்! இதை நாம் வேடிக்கைக்காகக் குறிப்பிடவில்லை. குறை என்பது எங்கே பிறக்கிறது என்ற வினாவுக்கு இவ்வொரு நிகழ்ச்சியே பாதி விடை.

தொடக்க ஆண்டுகளில் இத்தகைய கருவிகளை விற்குமுன் பாதுகாப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் சட்டமே அமெரிக்காவில் இல்லை, 1976இல்தான் வந்தது. முன்பே சந்தையில் இருந்ததனால் சிலிக்கான் பை அப்போதும் தொடர்ந்து விற்கப்பட்டது. பை கிழிகிறது, சுற்றிலும் தழும்புத் தசை இறுகிக் கல்போலாகிறது, மூட்டுகள் வலிக்கின்றன, சோர்வு நீங்கவில்லை எனப் பெண்கள் மருத்துவர்களிடம் முறையிட்டனர். மனக்கலக்கம் என்றும் வயது என்றும் பலருக்கு விடை கிடைத்தது. 1991 இறுதியில் டௌ கார்னிங் நிறுவனத்திற்கு எதிரான ஒரு வழக்கில் 73 லட்சம் டாலர் இழப்பீடு வழங்குமாறு சான் பிரான்சிஸ்கோ நடுவர் குழு தீர்ப்பளித்தது. அடுத்த சில மாதங்களில் அந்நிறுவனத்தின் உள்குறிப்புகள் வெளிவந்தன. 1975ஆம் ஆண்டுக் குறிப்பொன்று, மாதிரிப் பைகளின் மேல் எண்ணெய்ப் பசை கசிவதால் மருத்துவர்களுக்குக் காட்டுமுன் அவற்றைக் கழுவித் துடைத்துக்கொள்ளுமாறு விற்பனையாளருக்கு அறிவுறுத்தியது. மேசைமேல் கசிந்ததைக் கழுவிவிட்டார்கள். உடலுக்குள் கசிவதை எப்படிக் கழுவுவது?

1992 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சிலிக்கான் பைகளை நிறுத்திவைத்தது. அவ்வாண்டு ஏப்ரலில், மார்பகத்தை இழந்தோருக்கான சீரமைப்புக்கும் ஆய்வுக்கும் மட்டும் அனுமதித்தது. இழந்ததை ஈடுசெய்வது வேறு, இருப்பதைப் பெருக்குவது வேறு என்று அது கோடு கிழித்ததை வாசகர் நினைவில் இருத்தவேண்டும். சற்றுப் பின்னர் அதே கோட்டை வேறோரிடத்தில் காண்போம்.

நடுவுநிலையோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1999இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் வல்லுநர் குழு, இப்பைகள் குறிப்பிட்ட எதிர்ப்பாற்றல் நோய்களை உண்டாக்குவதற்குச் சான்றில்லை என்று அறிவித்தது. கிழிதலும் இறுகுதலும் தொற்றும் மறு அறுவையுமே பெருந்தொல்லைகள் என்றது. 2006இல் தடை விலகியது. மூட்டுவலியும் மறதியும் சோர்வும் சேர்ந்த நிலையை இன்றும் ஒரு சோதனையால் உறுதிசெய்ய இயலாது. ஆகவே எல்லா வலிக்கும் பையே காரணமென்று எவரேனும் அடித்துச் சொன்னால் அதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. பிரான்சில் பி.ஐ.பி. என்னும் நிறுவனம் மருத்துவத் தரமற்ற, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்குரிய சிலிக்கானை அடைத்துப் பல நாடுகளுக்கு விற்றது 2010இல் அம்பலமாயிற்று. அடுத்த ஆண்டு டிசம்பரில் பிரெஞ்சு அரசே தன் நாட்டில் ஏறத்தாழ 30,000 பெண்களை அப்பைகளை அகற்றிக்கொள்ளுமாறு பரிந்துரைத்தது. நிறுவனர் ழான் குளோட் மாஸ் 2013இல் நான்காண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். மற்றொருபுறம், பையைச் சூழ்ந்த தழும்புறையில் அரிதான ஒருவகை நிணநீர்ப் புற்று தோன்றுவதை 1997இலேயே மருத்துவர் இருவர் எழுதியிருந்தனர். 2016இல் உலக நலவாழ்வு அமைப்பு அதைத் தனி நோயாக ஏற்றது. 2019 ஜூலையில், உலகளவில் 573 பேருக்கு அந்நோயும் 33 மரணங்களும் பதிவாகியிருந்த நிலையில், சொரசொரப்பான மேற்புறம் கொண்ட பயோசெல் பைகளை அலர்கன் நிறுவனம் உலகெங்கும் திரும்பப் பெற்றது. 2021 அக்டோபரில் அமெரிக்க நிர்வாகம் ஒவ்வொரு பைக்கும் கட்டமிட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. இப்பைகள் வாழ்நாள் முழுதும் இருப்பவையல்ல என்பதும், சோர்வு, மூட்டுவலி போன்றவற்றைச் சிலர் உணர்ந்துள்ளனர் என்பதும், அகற்றிய பின் சிலருக்கு அவை தணிந்துள்ளன என்பதும் இன்று அந்நாட்டு எச்சரிக்கைகளில் உள்ள செய்திகள். டிம்மி ஜீன் லிண்ட்சியின் அறுவைக்கும் அந்த எச்சரிக்கைக்கும் இடையே 59 ஆண்டுகள்.

வெள்ளி மூக்கின் நாற்றத்தை ஏற்க எவருக்கும் ஆய்வறிக்கை தேவைப்படவில்லை என்பதை இங்கு நினைத்துக்கொள்கிறோம்.

தமிழ்நாட்டில் இப்பொருள் ஒருமுறை வெளிச்சத்துக்கு வந்தது. 2018 பிப்ரவரியில், பழைய சிறைச்சாலை சாலையிலுள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்பும், மார்பக அளவை மாற்றும் அழகுச் சிகிச்சையும் கட்டணமின்றி வழங்கப்படும் என்ற செய்தி உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வெளியாயிற்று. பணமுள்ளவர் பெறும் அழகுச் சிகிச்சை ஏழைகளுக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது என்பது அன்றைய நலத்துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கர் முன்வைத்த வாதம். உயிர்காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாத நிலையில் இது தேவையா என்று மருத்துவத் துறையிலேயே எதிர்க்குரல் எழுந்தது. அமைச்சரின் வாதத்தை நகைப்பதற்கில்லை. விபத்தில் கை சிதைந்த தொழிலாளருக்குக் கையைச் சீராக்கித் தந்து பெயர்பெற்றது ஸ்டான்லியின் ஒட்டறுவைத் துறை. மார்பகத்தை இழந்த ஏழைப் பெண்ணுக்கும் அதே கைகள் உதவுவது நன்மையே. மறைமலை நகரில் மின்ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கி அந்த மருத்துவமனைக்குச் செல்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். நாம் கேட்க விரும்புவது வேறொன்று. இலவசமாக வைத்த பையைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் சோதிப்பது யார், எடுப்பது யார்? சிலிக்கான் பை வைத்துக்கொண்டவர்கள் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் கழிந்ததும், பின்னர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும், எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் எடுத்துக் கிழிசல் உண்டா என்று பார்க்கும்படி அமெரிக்க நிர்வாகம் பரிந்துரைக்கிறது. வைக்கும் அன்றே இதையும் சொல்லாத எந்த மருத்துவமனையும், அரசினதாயினும் தனியாருடையதாயினும், பாதிச் செய்தியைத்தான் சொல்லியிருக்கிறது.

மார்க்கத்தின் நிலை என்ன என்ற கேள்விக்கு இப்போது வரலாம். அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதைக் கண்டிக்கும் குர்ஆன் வசனமும், அழகுக்காகப் பல்லை இடைவெளியாக்குவது, பச்சை குத்துவது ஆகியவற்றைச் சபிக்கும் நபிமொழியும் நம் வாசகர் அறிந்தவையே. 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இவ்விருபுறச் சான்றுகளையும் வைத்துத் தன் 173ஆம் தீர்மானத்தை இயற்றியது. பிறவிக் குறை, தீப்புண், விபத்து, நோய் ஆகியவற்றால் நேர்ந்த சிதைவைச் சீராக்குதல் ஆகும். அகற்றப்பட்ட மார்பகத்தை மீளமைத்தலும் அதில் அடங்கும். இயல்பான உடலைப் பிறர் தோற்றத்துக்கு ஒப்பாக்க முயல்வது ஆகாது. இத்தகைய சீராக்கத்துக்கான சான்றுகளில் அர்ஃபஜாவின் மூக்கும் பேசப்படுவதில் வியப்பில்லை. வாஷிங்டனில் 1992இல் கிழிக்கப்பட்ட கோடும் புத்ராஜெயாவில் கிழிக்கப்பட்ட கோடும் ஏறக்குறைய ஒன்றே. காரணங்கள் வெவ்வேறு.

இங்கேதான் நம் சமூகத்தில் ஒரு தவறு நேர்கிறது. கோட்டின் அப்பால் நின்று பை வைத்துக்கொண்ட சகோதரி ஒருத்தி, இன்று அதை எடுக்க விரும்பினால், அவளுடைய வலியைக்கூட அவளுக்கான தண்டனையாகப் பேசுகிறோம். அவள் தன் இறைவனிடம் சொல்ல வேண்டியது ஏதேனும் இருந்தால் அதை அவனிடம் சொல்லட்டும். அந்த உரையாடலில் நமக்குப் பங்கில்லை. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற நபிமொழியைத் திருமண வீட்டுப் பேச்சுகளில் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். புற்றுநோய்க்குப் பின் பை வைத்தவளுக்கு வேறுவகைத் தொல்லை. மீளமைப்பு ஆகுமென்று அறிந்ததும், அதை அவள் செய்துகொண்டே ஆகவேண்டும் என்று சிலர் எண்ணத் தொடங்குகின்றனர். ஆகும் என்பது கடமையன்று. தட்டையான மார்போடு வாழ்வதும் அவளுடைய தேர்வே.

தேர்வு என்றதும் ஒரு பெண்மணி நினைவுக்கு வருகிறார். அவருடைய பெயரைப் புகாரீ, முஸ்லிம் அறிவிப்புகளின் மையப்பகுதி கூறவில்லை. கறுத்த நிறமுடையவர் என்று மட்டும் உள்ளது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் மாணவர் அதா இப்னு அபீ ரபாஹிடம், சொர்க்கவாசியான ஒரு பெண்ணைக் காட்டட்டுமா என்று கேட்டு அவரைச் சுட்டினார்கள். அப்பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு வலிப்பு வருவதையும் அப்போது உடலிலிருந்து ஆடை விலகுவதையும் சொல்லி, துஆ செய்யக் கேட்டிருந்தார். பொறுத்தால் சொர்க்கம், விரும்பினால் குணமாக துஆ என்று நபியவர்கள் இரண்டையும் அவர்முன் வைத்தார்கள். பொறுத்துக்கொள்வதாகச் சொன்ன அவர், உடல் வெளிப்படாதிருக்க மட்டும் துஆ செய்யுமாறு வேண்டினார். அவ்வாறே துஆ செய்தார்கள். பொறுமைக்குச் சான்றாக இதைப் பயான்களில் கேட்டிருக்கிறோம். நமக்கு இதில் மேலும் இரண்டு தென்படுகின்றன. முடிவு அப்பெண்ணின் கையில் விடப்பட்டது. தன் உடல் பிறர் கண்ணில் எப்படித் தோன்றும் என்ற அவருடைய கவலை அற்பமானதென்று ஒதுக்கப்படவும் இல்லை. உருவத்தைப் பார்க்காமல் உள்ளத்தையே இறைவன் பார்க்கிறான் என்ற நபிமொழியை, அறுவைக்குப் பின் கண்ணாடி முன் நிற்க அஞ்சும் பெண்ணிடம் வாயடைக்கும் மறுமொழியாக வீசுவோர் இந்நிகழ்ச்சியைச் சற்று எண்ண வேண்டும்.

அகற்றும் அறுவையில் நடப்பது என்ன என்பதை அறிந்திருந்தால் வீட்டார் பேசும் பேச்சு சற்று மாறும். உடல் எந்த அயற்பொருளைச் சுற்றியும் தழும்பால் ஓர் உறை கட்டும். பையை எடுக்கும்போது அவ்வுறையையும் பகுதியாகவோ முழுதாகவோ எடுப்பதுண்டு. நிணநீர்ப் புற்று இருந்தால் உறை முழுதும் எடுக்கப்பட வேண்டும். பிறருக்கு எவ்வளவு எடுப்பது என்பது மருத்துவரின் தீர்மானம். முழு உறையை ஒட்டி விலா எலும்பும் நுரையீரலும் இருப்பதால், எல்லாருக்கும் எல்லாவற்றையும் சுரண்டியெடு என்று கேட்பது அறிவன்று. நீர் வடிய மெல்லிய குழாய்கள் சில நாட்கள் இருக்கும். பல வாரங்கள் கனம் தூக்கலாகாது. குடிநீர்க் குடமும் அரிசி மூட்டையும் தவழும் குழந்தையும் அந்தக் கனத்தில் அடங்கும். நீட்டப்பட்டிருந்த தோல் தளர்ந்து தொங்கும், மடிப்பு விழும், இருபுறமும் ஒன்றுபோல் இராது. பின்னர் மெல்ல மெல்ல அடங்கும். தழும்பு சிவந்து, தடித்து, வெளுக்க ஓராண்டளவும் ஆகும்.

இந்த நாட்களில் தக்பீருக்குக் கை உயர்த்துவதே வலிக்கும். ஸஜ்தாவில் மார்பின் எடை முன்னே சரியும்போது தையல் இழுக்கும். மூலநோயால் துன்புற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் பக்கவாட்டில் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரீயில் உள்ளது. குனிய முடியாதவர் சைகையால் தொழலாம். கட்டின்மேல் ஈரக்கையால் தடவுவதும், நீர் கேடு செய்யுமென மருத்துவர் சொன்னால் தயம்மும் செய்வதும் ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசிய சலுகைகள். பெரியம்மாக்களும் மாமியார்களும் இவற்றை எடுத்துச் சொன்னால், படுக்கையில் கிடக்கும் மருமகளுக்குக் குற்றவுணர்வேனும் குறையும். எடுத்த பையின் நிறுவனப் பெயரும் வரிசை எண்ணும் கொண்ட அட்டையை எறியாமல் வைத்திருக்க வேண்டும். 2015இல் இந்திய அரசு தொடங்கிய மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டத்தில் பாதிப்பைப் பதிவு செய்வதற்கும் அது உதவும்.

உடலைத் திரும்பப் பார்ப்பதுதான் நெடிய வேலை. பைக்கு முந்திய உடல் திரும்பி வருமென எதிர்பார்த்தவர்கள் ஏமாறுகின்றனர். வருவது மூன்றாவது உடல். வயதும் தழும்பும் ஏறிய, இதுவரை கண்டிராத ஒன்று. அதனோடு பழக வேண்டும். சிலர் மாதக்கணக்கில் விளக்கை அணைத்துவிட்டு உடை மாற்றுவர். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை என்று குர்ஆன் கூறுவதன் பொருள் வெளிப்படுவது இத்தகைய நாட்களில்தான் என்று நாம் எண்ணுகிறோம். கணவர் முதல்முறை கட்டுப் பிரிக்கும்போது முகத்தைத் திருப்பாதிருப்பது, எந்த அறிவுரையைக் காட்டிலும் ஆழமாகச் சென்று சேரும்.

தழும்பு தாங்கிய பெண்ணுடலை நம் தொடக்க வரலாறு எப்படிப் பார்த்தது? உஹதுப் போரில் நபி (ஸல்) அவர்களைக் காத்து நின்ற உம்மு உமாரா நுஸைபா பின்த் கஅப் (ரலி) அவர்களின் தோளில் இப்னு கமிஆவின் வாள் ஆழமாக இறங்கியது. மறுநாள் ஹம்ராவுல் அஸதை நோக்கிப் படை புறப்பட்டபோது அவரும் ஆடையை இறுக்கிக் கட்டி எழுந்தார். குருதி நிற்காததால் செல்ல இயலவில்லை. திரும்பிய நபியவர்கள் வீட்டுக்குச் செல்லுமுன்பே அவருடைய நலம் அறிந்துவர ஆளனுப்பினார்கள். அந்தக் காயத்திற்கு ஓராண்டு மருந்திட வேண்டியிருந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் உம்மு ஸஅத் என்னும் பெண்மணி அவரிடம் சென்றபோது, தோளில் குழிவிழுந்த தழும்பைக் கண்டு, இது யாரால் நேர்ந்தது என்று நேராகவே கேட்டார். நுஸைபா மறைக்கவில்லை, அன்றைய நாளை முழுதாகச் சொன்னார். பின்னர் யமாமாப் போரில் ஒரு கையையும் இழந்தார்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் மதீனாவுக்குச் சில கம்பளிப் போர்வைகள் வந்தன. அவற்றுள் ஒன்று அகலமும் அழகும் மிக்கது. கலீஃபாவின் மகன் அப்துல்லாஹ்வுக்குப் புதிதாக மணமுடித்திருந்த ஸஃபிய்யாவுக்கு அதைக் கொடுக்கலாமென அருகிருந்தோர் கூறினர். அவரைவிட உரிமையுள்ள ஒருவர் இருக்கிறார் என்று சொல்லி, உமர் அவர்கள் அதை உம்மு உமாராவின் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.